செடிக்கு ஒரு வாளி

மதலைமுத்து மாஸ்டருக்கு அளவு டேப்பைக் கண்டால் ஆகாது. முப்பத்து நாலு வருஷமாகச் செஞ்சி வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை, கருமாதி எல்லாவற்றுக்கும் கரண்டி பிடித்தவர். "எத்தினி எலை?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். பதில் வந்ததும் அரிசி இவ்வளவு, பருப்பு இவ்வளவு என்று கொட்டிவிடுவார். குறுக்கே யாராவது பேசினால், "அப்ப நீயே ஆக்கிக்கோ" என்பார். ஆள் மோசமில்லை. வாய் கொஞ்சம் அதிகம், தலைக்கனம் அதைவிட அதிகம்.

அந்தத் தலைக்கனத்துக்குத் தை மாசம் சிங்கவரத்துக் கல்யாணம் ஒன்றில் ஆப்பு விழுந்தது. மூன்றாம் பந்தி பாதியில் சோறு தீர்ந்துபோனது. மாப்பிள்ளையின் சித்தப்பா வெறும் இலையைப் பார்த்தபடி இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? இருபது வருஷம் தன்னோடு அடுப்பில் வெந்த விக்டரைக் கைகாட்டினார். "இவன்தான் அரிசிய கொறைச்சி அளந்துட்டான்" என்றார், அத்தனை பேருக்கு நடுவில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விக்டர் கரண்டியைக் கீழே வைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவன், மறு வாரமே அவலூர்பேட்டை ரோட்டில் தேவேந்திரனின் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், மூட்டை தூக்கச் சேர்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு மாஸ்டரைத் தேடி ஒரு ஆர்டர்கூட வரவில்லை. அண்டாவெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. இருந்த ஒரே நம்பிக்கை, அதே மில்காரர் தேவேந்திரனின் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் என்பதுதான். எண்ணூறு இலை. கேட்டதற்கு, "பாக்கலாம் மாஸ்டர்" என்று மட்டும் சொல்லியிருந்தார். அந்தக் கல்யாணம் கிடைத்தால் போன மானம் திரும்பும். கிடைக்காவிட்டால் அண்டாவை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மாஸ்டருக்கு அந்த நினைப்பில் தூக்கமே இல்லை.

இந்த நேரத்தில்தான் அவர் மனைவி ஜோசப்பின் தோட்டத்துப் பேச்சை எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் ஐந்து பாத்தி போட்டுக் கத்திரியும் மிளகாயும் நட்டிருந்தாள். சித்திரை வெயிலில் செஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைப் பாறை பகலெல்லாம் வாங்கிய சூட்டை, பொழுது போன பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். கிணற்றில் அரை மணி நேரத் தண்ணீர்தான். செடிகள் மத்தியானத்திலேயே தலையைத் தொங்கப் போட்டன.

"மண்ணு மேல மல்லாட்டைத் தோலை மூணு வெரக்கடை ஒசரத்துக்குப் பரப்பிட்டா ஈரம் காயாதாம். மூடாக்குன்னு சொல்றாங்க. மில்லுல போய் வாங்கினு வா. இந்தா டேப்பு, அளந்துட்டுப் போ."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "எண்ணூறு பேருக்கு வாயாலயே கணக்கு சொல்றவன்கிட்ட டேப்ப நீட்டற? எத்தினி செடி, அத மட்டும் சொல்லு."

"நூத்தி இருவது."

மாஸ்டர் முடித்துவிட்டார். கணக்கு அவ்வளவுதான்.

மில்லில் தேவேந்திரன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாதாரணமாக ஆறு மூட்டை கேட்டு வாங்கிவந்திருக்கலாம். நம் ஆள் விடுவாரா? தன் திறமையைக் காட்ட வேறு நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்துவிட்டார். "ஆறே மூட்ட, மொதலாளி. ஒரு பிடி மீறாது, ஒரு பிடி கொறையாது. நம்ம கணக்கு அப்டி" என்றார் சத்தமாக.

தோல் மூட்டைகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றியது விக்டர்தான். மூன்று மாசத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். விக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, தோட்டத்துக்கா? ஆறு போதுமா?"

"ஒன் வேலய பாருடா" என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் பாத்தியில் இறங்கினார். ஜோசப்பின் மூன்று விரலை வைத்து வைத்துப் பார்த்து, அந்த உயரத்துக்குத் தோலை இழுத்துப் பரப்பினாள். முதல் பாத்தி மெத்தை போட்டமாதிரி அமைந்தது. இரண்டாம் பாத்தியின் நடுவே வரும்போது மாஸ்டர் கடைசி மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். தூசிதான் வந்தது. மூன்றரைப் பாத்தி அம்மணமாகக் கிடந்தது.

மாஸ்டருக்குச் சிங்கவரத்துப் பந்தி அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. வாய் மட்டும் பழைய வழியிலேயே போனது. "விக்டரு மூட்டைய கொறைச்சிக் கட்டிட்டான். என் மேல இருக்கற காண்டு."

ஜோசப்பின் காலி மூட்டை ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள். வாய் வரைக்கும் தோலின் தூசி ஒட்டியிருந்தது. "ரொம்பித்தான் இருந்துச்சி. நீ இன்னா கணக்குல ஆறுன்ன?"

"செடிக்கு ஒரு சாம்பார் வாளி. மூட்டைக்கு இருவது வாளி. நூத்தி இருவது செடிக்கு ஆறு மூட்ட. இதுல இன்னா தப்பு?"

ஜோசப்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்புத் தாங்காமல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பந்தியில எலைக்குத்தான் போடுவாங்க, தரைக்குப் போட மாட்டாங்க. வாஸ்தவந்தான். இங்க செடிக்கு இல்ல, ரெண்டு செடிக்கு நடுவுல கெடக்கற தரைக்குத்தான் போடணும். நூத்தி இருவது செடிய கூப்ட்டு ஒக்கார வெச்சி சோறு போடவா நான் தோலு கேட்டேன்?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "நாலு மூட்டையில ஒரு பாத்தி ஆயிருக்குது. அஞ்சு பாத்திக்கு இருவது. இன்னும் பதினாலு வேணும். மொதல்ல ஒரு மூட்டைய கொட்டி, எம்மாந்தூரம் போவுதுன்னு பாத்துட்டுப் போயிருந்தா இந்த வம்பே இல்ல."

பதினாலு மூட்டைக்கு எந்த முகத்தோடு மில்லுக்குப் போவது? மாஸ்டர் போகவில்லை. ஜோசப்பின் அசந்த நேரம் பார்த்து முதல் பாத்தியிலிருந்து கை கையாக அள்ளி மற்றப் பாத்திகளில் தூவினார். சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற புத்தி எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை ஆவதற்குள் ஐந்து பாத்தியிலும் கொத்துமல்லி தூவியதுபோல அங்கொன்றும் இங்கொன்றும் தோல் கிடந்தது. காற்று அதில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து வேட்டிகூட மாற்றவில்லை, வாசலில் பைக் சத்தம். ஓட்டி வந்தவன் விக்டர். பின்னால் தேவேந்திரன், கையில் கல்யாண லிஸ்டோடு. ஜோசப்பின் மோர் கொண்டுவந்தாள். மோரைக் குடித்துக்கொண்டே தேவேந்திரன் எழுந்து நேராகத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றார். ஐந்து பாத்தியையும் ஒரு நோட்டம் விட்டார்.

"இன்னா மாஸ்டர், ஒரு பிடி கொறையாதுன்னீங்க. மூட்டையில எதுனா கொற இருந்துச்சா?"

விக்டர் தலையைக் குனிந்துகொண்டான். என்ன வரப்போகிறது என்று அவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு தடவை பட்டவன் அல்லவா. மாஸ்டரின் நாக்கில் வார்த்தை தயாராக நின்றது. சொன்னால் எண்ணூறு இலை கிடைக்கும். குனிந்த தலையைப் பார்த்தார். இருபது வருஷப் புகையில் பாதி நரைத்த தலை. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மூட்ட சரியாத்தான் இருந்துச்சி மொதலாளி. என் கணக்குதான் தப்பு." பிறகு விக்டரைக் கைகாட்டினார். "சிங்கவரத்துலயும் அரிசிய அவன் கொறைக்கல. நான் சொன்னதத்தான் அளந்தான்."

இனி ஆர்டர் போயிற்று என்று அவருக்கே தெரிந்தது. தேவேந்திரன் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார்.

"சிங்கவரத்து சமாச்சாரம் எனக்கு எப்பவோ தெரியும். பரிமாறுனவங்கள்ல ரெண்டு பேரு நம்ம மில்லுலதான் வேல செய்றாங்க. வேற ஆள வெச்சிக்கலாம்னுதான் இருந்தேன். இவன்தான் விட மாட்டேன்றான். 'அண்ணன் கைப்பக்குவம் எவனுக்கும் வராது, அண்ணனையே வைங்க'ன்னு மூணு மாசமா உயிர வாங்கறான்."

மாஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் வெகு நேரம் துடைத்தார். விக்டர் கத்திரிச் செடியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆவணியில லீவு போடுவியாடா?" என்று ஒருவழியாகக் கேட்டார்.

"மொதலாளி குடுத்தா போடறேண்ணா."

தேவேந்திரன் பேனாவைத் திறந்தார். "சரி, எண்ணூறு எல. அரிசி எத்தினி மூட்ட?"

நாலு என்று மாஸ்டர் மனசில் பளிச்சென்று வந்தது. வாயை மூடிக்கொண்டு விக்டரைப் பார்த்தார்.

"பந்தல்காரன், டிரைவரு, மோளக்காரன் யாரும் எலக் கணக்குல வர மாட்டாங்கண்ணா" என்றான் விக்டர். "அஞ்சு வேணும்."

"அஞ்சு, மொதலாளி. எழுதிக்குங்க" என்றார் மதலைமுத்து மாஸ்டர்.