ஊனாவோட ட்ராமில வாசிச்ச ஐரிஷ் கதைகள்

ஊனா போயிட்டா.

காலமை அவவின்ர மகள் போன் எடுத்துச் சொன்னவ. கான்சர் எண்டு தெரியும்... எண்டாலும் இவ்வளவு கெதியா எண்டு நினைக்கேல்லை.

தெரியாத ஆக்களுக்கு: ஊனா அயர்லாந்துக்காரி. டென்மார்க்கில, ஒடென்சேயில நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில, பென்ஷனுக்குப் போகும்வரைக்கும் என்னோட ஒரே ஷிப்டில நிண்டவ. வேலை முடிய ரெண்டு பேரும் ஒரே ட்ராம். அவவின்ர கையில எப்பவும் ஒரு ஐரிஷ் சிறுகதைப் புத்தகம்.

ஒருநாள் பகிடியாக் கேட்டன். "உங்கட ஆக்களின்ர கதை எல்லாம் ஒண்டுதானே? மழை, பாதர், குடி..."

கோவம் வந்திட்டுது. அடுத்த நாள் ஒரு பை நிறையப் புத்தகம் கொண்டு வந்தா.

ஒரு மாட்டுக்காக ரெண்டு சகோதரியள் சண்டை பிடிக்கிற கதை... நான் சிரிச்ச சிரிப்பில ட்ராமே திரும்பிப் பாத்தது. பேய் ஒண்டு கலியாண வீட்டில வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுப் போற கதை. பெல்பாஸ்டில, வீடு சோதிக்க வந்த ஆமிக்காரனுக்குத் தேத்தண்ணி குடுக்கிற மனிசியின்ர கதை.

இப்பத்தைய டப்ளினில வாடகைக்கு அறை தேடி அலையிற பெட்டையின்ர கதையும் இருந்தது. "பார், இதில ஒரு துளி மழை இல்லை" எண்டா.

ஐரிஷ் மொழியில எழுதி இங்கிலிஷுக்கு வந்த ஒரு கதை... ஒரு தீவு, ஒரு மீன்பிடிக் குடும்பம். வாசிச்சு முடிச்சிட்டு, "இது எங்கட மன்னார்தான்" எண்டன்.

"இல்லை. இது எங்கட. நீ உன்ரயைச் சொல்லு."

சொன்னன். சண்டைக் காலத்தில அண்ணா காணாமல் போனவர். அவற்ற வள்ளத்தைப் பக்கத்து வீட்டு அந்தோனி அண்ணை ஒவ்வொரு நாளும் அம்மாட்டைக் கேட்டுத்தான் எடுப்பார். "வள்ளத்தை எடுக்கட்டே மாமி?" அம்மாவும் "எடு தம்பி, அவன் வந்தாப் பிறகு குடுத்திடு" எண்டுவா.

கனகாலத்துக்குப் பிறகு ஒருநாள் அம்மா சொன்னா, "இனிக் கேக்காத தம்பி."

அண்டைக்குத்தான் நாங்கள் எல்லாரும் அழுதனாங்கள்.

நாங்கள் இறங்க வேண்டிய இடம் எப்பவோ போயிட்டுது. ஊனா ஜன்னலைப் பாத்துக்கொண்டிருந்தா. பிறகு, "கடைசி வசனத்தை எடுத்துப் போடு. அழுததைச் சொல்லாத" எண்டா.

எனக்கு வந்துதே ஒரு கோவம்... "அழுதனாங்கள்தானே ஊனா!"

"தெரியும். அம்மா 'கேக்காத' எண்டேக்கையே அந்த அழுகை எனக்குக் கேட்டது."

பிறகு அவ நூலகத்தில நடத்தின வாசிப்பு வட்டத்தில, என்ர ஓட்டை டேனிஷில அந்தக் கதையைச் சொன்னன். கடைசி வசனம் இல்லாமல். ஒரு வயசான டேனிஷ் மனிசன் கேட்டார், "அந்த வள்ளம் இப்ப எங்க?"

போன கிழமை ஆஸ்பத்திரியில, மூச்சு வாங்க வாங்க எனக்கொரு வேலை தந்தா. புதுசா எழுத வந்த ஐரிஷ் பெட்டை ஒராளின்ர புத்தகம் நூலகத்துக்கு வருதாம், எடுத்துக்கொண்டு வரட்டாம். "இந்தப் பிள்ளையள் என்ன செய்யினம் எண்டு நான் பாக்க வேணும்."

நேற்றுப் பின்னேரம்தான் கிடைச்சது. இண்டைக்குக் கொண்டுபோய்க் குடுக்க இருந்தனான்...

முதல் கதையை இப்ப வாசிச்சு முடிச்சன் ஊனா. பெட்டை நல்லாத்தான் எழுதுறாள்.

போயிட்டு வாங்கோ.