நான் காணாத கரடி

கரடி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலந்து மலையில் நான் கரடியை நேருக்கு நேர் கண்ட கதையை லண்டன் ஈஸ்ட் ஹாம் கல்யாண வீடுகளிலும் மிச்சம் என்ற பகுதியிலுள்ள கடை வாசலிலும் கேட்டு வியந்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் கண்டது பாசி பிடித்த ஒரு மரத்தின் அடிக்கட்டை.

நாங்கள் ஐந்து பேர். நானும் மனைவியும், மிச்சத்தில் கடை வைத்திருக்கும் ஒரு தம்பதி, மலேசியாவிலிருந்து கணக்கியல் படிக்க வந்து இங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர். ஞாயிறு காலைகளில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து வாண்டில் ஆற்றங்கரையோரமாக நடப்போம். தமிழர் ஐந்து பேர் ஒன்றாக நடந்தால் அது வெறும் நடையாக நிற்காது, சங்கமாகிவிடும். நான் தலைவர், மலேசிய நண்பர் செயலாளர், கடைக்காரர் பொருளாளர். பெண்கள் இருவரும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள், அதாவது சாப்பாடு கட்டிக்கொண்டு வருபவர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் போலந்து நாட்டவர். எங்கள் குளியலறைக்கு ஓடு பதித்தவர் அவர்தான். அவருடைய தாயார் போலந்தின் தென்கிழக்கு மூலையில், பியெஷ்சாடி என்ற காட்டு மலைத்தொடரின் அடிவாரத்தில், வீட்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் போனை நீட்டி என் மனைவிக்குப் படங்கள் காட்டினார். கீழே முழுக்க பீச் என்ற இலையுதிர் மரங்களின் காடு. காடு முடிந்த இடத்திலிருந்து உச்சிவரை மரமே இல்லை, புல் மட்டும் காற்றில் சாய்ந்து கிடக்கிறது. மனைவி உள்ளே வந்து, "எனக்கு ஒருக்கா அதில ஏறி நிக்க வேணும்," என்றாள்.

அவள் பிறந்தது யாழ்ப்பாணத்தில். அங்கே மலை இல்லை. பிறகு வாழ்ந்தது லண்டனில். அவள் வாழ்க்கையில் ஏறிய உயரமெல்லாம் மாடிப்படிகள்தான். திருமணமான காலத்திலிருந்து அவள் தனக்கென்று என்னிடம் ஏதாவது கேட்டது மிகக் குறைவு. ஆகவே உடனே ஓம் என்றேன். அதன் பிறகுதான் அந்த மலைகளைப் பற்றி இணையத்தில் படித்தேன். அங்கே கரடிகள் இருக்கின்றன என்று போட்டிருந்தது.

எனக்குக் கரடிக்குப் பயம். இதை எழுதும்போதுகூடக் கை தயங்குகிறது. சிவில் எஞ்சினியரிங் படித்தவன், கவுன்சிலின் வடிகால் பிரிவில் ஆயுள் முழுதும் வேலை பார்த்தவன், லண்டன் நிலத்தடிக் குழாய்களில் எலிகளோடு பழகியவன், கரடிக்குப் பயம் என்று சங்கத்துக்கு எப்படி அறிவிப்பது? அதனால் வேறொரு காரணம் தேடினேன். அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. சில வருடங்களுக்கு முன் மனைவி பஸ் நிறுத்தத்தில் பனியில் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. ஒரு கிழமையில் வீக்கம் வடிந்து, அவளும் மறந்துவிட்டாள். நான் அந்த முழங்காலை மறுபடி நோயாளியாக்கினேன்.

பாதை தெரிவுசெய்ய எங்கள் சாப்பாட்டு மேசையில் கூட்டம் நடந்தது. மலேசிய நண்பர் பெரிய வரைபடம் ஒன்றை வாங்கி வந்து விரித்தார். அதில் பாதைகள் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நிறம் நிறமாக ஓடின. மரங்களிலும் அதே நிறத்தில் கோடு போட்டிருப்பார்களாம். பச்சை சுகமான பாதை, சிவப்பு கடினம், கறுப்பில் போனால் ஆள் திரும்புவதில்லை என்று கடைக்காரர் விளக்கினார். அவர் ஒருமுறை, பாதையின் கடினத்தை நிறத்தால் காட்டும் பனிச்சறுக்கு இடம் ஒன்றுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தவர். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். நிறத்துக்கும் கடினத்துக்கும் சம்பந்தமில்லை, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்ட மட்டும்தான் நிறம் என்றார் அவர். லண்டன் சுரங்க ரயில் படத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் பச்சையாக இருப்பதால் அதில் பயணம் சுகமா என்றும் கேட்டார். கறுப்புப் பாதைதான் உச்சிக்குப் போகும் மிகக் குறுகிய வழி என்றும் சொன்னார். நாங்கள் நன்றி சொல்லி, அவரை அனுப்பிவிட்டு, அவர் சொன்னதை ஒதுக்கி வைத்தோம். பயணம் வெளிக்கிடும்போதே கறுப்பு அபசகுனம், வேண்டாம் என்று கடைக்காரரின் மனைவி உறுதியாக நின்றார்.

மலேசிய நண்பருக்கும் என் மனைவிக்கும் சிவப்பு வழியாக உச்சி. கடைக்காரத் தம்பதிக்குக் காட்டுக்குள்ளால் போகும் பச்சை. தலைவர் என்ற முறையில் தீர்மானிக்கும் வாக்கு என்னுடையது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியின் முழங்காலைப் பற்றிப் பேசினேன். நன்றாகப் பேசினேன். கடைக்காரரின் மனைவி கண் கலங்கி, ஒரு மூலிகை எண்ணெயின் பெயர் சொன்னார். என் மனைவி தன் காலைக் குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே," என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, படித்த மனுசன் சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், பேசாமல் இருந்துவிட்டாள். பச்சைப் பாதையில் போய், அது சிவப்புப் பாதையைத் தொடும் கணவாயில் சாப்பிட்டு, கால் இடம்கொடுத்தால் அங்கிருந்து உச்சிக்கு ஏறலாம் என்று தீர்மானம் எழுதப்பட்டது. கால் இடம்கொடுக்காது என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

இதில் என் அறிவின் அளவையும் சொல்ல வேண்டும். கரடிகள் காட்டுக்குள்தான் இருக்கும். உச்சிப் புல்வெளியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கரடிக்குப் பயந்து நான் ஐந்து பேரையும் கரடியின் வீட்டுக்குள்ளால் கூட்டிப் போனேன்.

காட்டு வாசலில் ஒரு பலகை இருந்தது. கரடியின் படமும் அதன் கீழே போலந்து மொழியில் ஏதோ நீளமாகவும். மலேசிய நண்பர் போனைப் பிடித்து மொழிபெயர்க்கப் போனார். நேரமாகிறது என்று சொல்லி அவர் தோளைத் தள்ளினேன். உள்ளே சேறும் மரங்களும்தான். எவ்வளவு நடந்தாலும் அதே மரங்கள். நான் நடுவில் நடந்தேன். தலைவர் நடுவில் நடப்பது பாதுகாப்புக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சரிதான், யாருடைய பாதுகாப்பு என்று யாரும் கேட்கவில்லை.

கணவாயில் கைகாட்டி மரம் இருந்தது. அங்கே தூரம் எழுதுவதில்லை, நேரம்தான் எழுதுவார்கள். உச்சிக்கு ஒரு மணித்தியாலம் என்றிருந்தது. "அவையின்ர காலுக்கு ஒண்டு, எங்கட காலுக்கு ரெண்டு," என்றாள் மனைவி. புளிச்சாதமும் சம்பலும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் அவள் ஒரு கல்லில் அமர்ந்து, சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்து இறுக்கிக் கட்டத் தொடங்கினாள். முழங்காலைப் பற்றிப் பேச்சே இல்லை. மற்ற மூவரும் அவளோடு சேர்ந்து எழும்பிவிட்டார்கள்.

நான் சிறுநீர் கழிக்கப் புதர்ப் பக்கம் போனேன். அங்கே கறுப்பாக, அகலமாக, குந்தியிருந்தது. ஒரு கணம் என் உயிர் என்னிடம் இல்லை. அடுத்த கணம் அதன்மேல் பாசியும் சின்னக் காளான்களும் தெரிந்தன. அடிக்கட்டை. அதைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். திரும்பி வந்தபோது மனைவி கட்டிய சப்பாத்தோடு நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்களின் இடைவெளியில் அந்தப் புல்லின் ஒரு துண்டு வெயிலில் தெரிந்தது. அவள் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"கரடி."

பிறகு நடந்ததைக் கல்யாண வீடுகளில் கேட்டிருப்பீர்கள். மலேசிய நண்பர், உருவத்தைப் பெரிதாகக் காட்டினால் கரடி பயப்படும் என்று எங்கோ படித்ததை வைத்து, வரைபடத்தைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். கடைக்காரர் சாப்பாட்டு அடுக்கைக் கைவிட்டார். எல்லோரையும் முந்திக்கொண்டு, வேர்களைத் தாண்டித் தாண்டி, பள்ளத்தில் மான்போல ஓடியது என் மனைவி. அந்த முழங்காலின் உண்மையை அன்று யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவன் நான் ஒருவன்தான்.

லண்டனுக்கு வந்ததும் கரடி வளர்ந்தது. முதல் கல்யாணத்தில் அது நாலு காலில் நின்றது. அடுத்ததில் இரண்டு காலில் எழும்பியது. ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் அது என்னைப் பார்த்து உறுமியது. என்னைக் 'கரடி அண்ணை' என்று கூப்பிட்டார்கள். நான் புன்னகைத்துக்கொண்டு வடையைச் சாப்பிட்டேன்.

இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி கேட்டார், தாயார் எங்களை விசாரிக்கிறாராம். மனைவி வேண்டாம் என்றாள். கரடி நிற்கிற இடத்துக்குப் போகத் தனக்கு ஏலாது என்றாள். அடுத்தநாள் வாசலில் பழைய பொருட்களை அறக்கொடைக் கடைக்குக் கொடுக்கும் பை ஒன்று இருந்தது. அதற்குள் அவளுடைய மலைச் சப்பாத்துகள், சேறு கழுவி, கயிறு சுருட்டி.

அந்தப் பையைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அடுக்களையில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

"இஞ்சாரும், அண்டைக்கு அங்க கரடி இல்லை. மரக்குத்தி."

அவள் நிமிரவில்லை. "எனக்கே சொல்லுறீங்கள்? நானும் கண்டனான்."

"நீர் எப்பிடிக் காணுறது? நான்தானே பத்தைக்குள்ள போனது."

"உங்கட தோளுக்குப் பின்னால கண்டனான். மண்ணிறம். ஒரு காது கிழிஞ்சு கிடந்தது. மரக்குத்தி தலையைத் திருப்பிப் பாக்குமோ?"

சாட்சிக்கு மலேசிய நண்பருக்கு போன் போட்டேன். அவர் மிகுந்த அனுதாபத்தோடு, "அண்ணே, நீங்க அதிர்ச்சியில மறந்துட்டீங்க லா. நான் அதோட சத்தத்தைக் கேட்டேன்," என்றார். கடைக்காரருக்கு அதன் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறதாம். என் ஒப்புதல் வாக்குமூலம் பெரும்பான்மையால் நிராகரிக்கப்பட்டது.

ஆனால் மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கரடி இல்லையென்றால் அன்று நான் ஏன் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறாள்.

"அப்ப என்ர முழங்கால்?"

"அதுக்கும் ஒண்டும் இல்லை. எனக்குத்தான் பயம்."

கடைக்காரரின் மனைவி சொன்ன அந்த மூலிகை எண்ணெயை அவள் இவ்வளவு காலமும் பூசி வந்திருக்கிறாள். மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து இறங்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அதைத் தினமும் பார்த்தும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன். கரடியைவிட அதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன். வைதால் தாங்கலாம் என்றிருந்தது. அவள் வையவில்லை. வாசலுக்குப் போய்ப் பையிலிருந்து சப்பாத்துகளை எடுத்து வந்து மேசையிலேயே வைத்தாள்.

"நான் கண்ட கரடி கண்டதுதான். ஆனா போவம். கறுப்புப் பாதையால நேர உச்சிக்கு. இல்லையெண்டு சொல்லுற நீங்கள்தான் முன்னால நடக்க வேணும்."

அங்கே கரடிகள் உண்மையாகவே உண்டு, நான் அன்று காணவில்லை, அவ்வளவுதான் என்று விளக்க வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பயணச்சீட்டு விலை பார்க்கப் போனேன்.

இலையுதிர் காலத்துக்குப் பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது. நான் தலைவர் பதவியிலிருந்து விலகினேன். புதிய தலைவியான மனைவி, மலைக்குப் பயிற்சி என்று சொல்லி ஞாயிறுகளில் என்னை முன்னால் விடுகிறாள். சத்தம் கேட்டால் கரடி விலகிப் போகும் என்பதால், சுவாமி அறையிலிருந்த கைமணி இப்போது என் கையில். வாண்டில் கரையில் நாயோடு வருகிறவர்கள் மணிச் சத்தம் கேட்டு மரியாதையாக ஒதுங்குகிறார்கள்.

போன ஞாயிறு மோர்டன் பக்கம் புதருக்குள் ஏதோ அசைந்தது. நான் நின்றேன். மணியும் நின்றது.

"நடவுங்கோ," என்றாள் பின்னாலிருந்து.

நரி. அது என்னைப் பார்த்தது. நான் மணியை ஆட்டிக்கொண்டு நடந்தேன்.