றெயில் ஓடாத சனிக்கிழமை

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டினாற்போல் வீட்டை வைத்துக்கொண்டு அறை வாடகைக்கு விடுவதென்றால் பொறுமை வேண்டும். றஞ்சிதத்துக்கு அது தாராளமாக இருந்தது. விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கும் சனமெல்லாம், "இதென்ன பிள்ளை, கட்டில் ஆடுது!" என்று முறையிடும். யுத்தத்தில் செல்லடிக்கும் குண்டுக்கும் பயந்து வந்த சனம், பாவம், றெயில் போனாலும் திடுக்கிட்டு எழும்பிவிடும்.

கொட்டாஞ்சேனை ஹியூபேட் மட்டும் அந்தக் கடற்பக்க மாடி அறைதான் வேண்டுமென்பார். கப்பல் கம்பனியில் கிளாக்கர், மனைவியை இழந்தவர். சனிக்கிழமை தவறாமல் வருவார். பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போடும் தூரத்தில் சொந்த வீடிருக்க, றெயில் பார்ப்பதற்காகக் காசு கொடுத்துத் தங்குகிற மனிதனைச் சனம் விசர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

பின்னேரங்களில் இருவரும் மாடி விறாந்தையில் தேத்தண்ணியோடு இருப்பார்கள். "இது கனடா தந்த எஞ்ஜின், மிஸ். பேர் ஒன்டாரியோ" என்பார் அவர், வண்டி கண்ணில் படுமுன்பே. பெட்டிகளின் வெளிச்சம் சுவரில் ஓடும். கடலும் வானமும் ஒரே நிறமாகும். அப்போது றஞ்சிதத்துக்கு வீடே நகர்வதுபோலிருக்கும். ஒரே பெட்டியில் அவரோடு எங்கோ போகிறாள், இறங்கவே மனமில்லை. வண்டி போனபிறகும் மூடிய கண்ணைத் திறக்கமாட்டாள்.

டொரன்டோவிலிருந்து அண்ணன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "விசா சரி. வீட்டை வித்துப்போட்டு வா. ஆருமில்லாமல் அங்க தனிய என்ன செய்யப்போறாய்? சனிக்கிழமை போன் எடுக்கிறன், முடிவைச் சொல்லு."

முடிவு ஹியூபேட்டிடம் இருந்தது, அது அவருக்குத்தான் தெரியாது. அவர் வருவது றெயிலுக்காக மட்டுமென்றால் அவள் போய்விடுவாள். கொஞ்சமாவது தனக்காகவுமென்றால் நிற்பாள். நாற்பத்தாறு வயதில் இதை எந்த வாயால் கேட்பது?

அந்தச் சனிக்கிழமை விடிய, எங்கோ குண்டு வெடித்ததென்று கரையோர றெயிலை நிறுத்திவிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். வாடிக்கையாளரை ஏமாற்றக்கூடாதென்ற நல்ல பழக்கம் விட்டதா? ஹியூபேட்டுக்குப் போன் எடுத்தாள்.

"றெயில் இல்லை. வீணா மினக்கெடாதேங்கோ."

"ஓ... அப்படியா, மிஸ்" என்றார் அவர். வைத்துவிட்டார்.

அட மடைச்சி! தன்னையே திட்டிக்கொண்டு விறாந்தையில் போய் இருந்தாள். தண்டவாளத்தில் ஒரு காகம் ஆற அமர நடந்தது. கடல் அன்று முழுச் சத்தத்தோடும் கேட்டது. இருந்த இடத்திலேயே அழுதாள்.

பின்னேரம் கேற் திறந்தது. ஹியூபேட்! சேட் வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது.

"செக்பொயின்ற்ல எல்லாம் பஸ்ஸ விட்டு இறக்கிட்டாங்க, மிஸ். பாதித் தூரம் நடைதான்."

"றெயில் ஓடேல்லையெண்டு சொன்னனானே! என்னத்தைப் பாக்க வந்தனீங்கள்?"

"சும்மா... தண்டவாளத்த..."

"தண்டவாளத்தைப் பாக்க ஒரு மனுசன் இந்த வெயிலுக்குள்ள நடந்து வருவானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"வரமாட்டான்தான்" என்றார்.

உள்ளே போன் அடித்தது. றஞ்சிதம் ஓடிப்போய் எடுத்தாள்.

"அண்ணை, நான் வரேல்ல."

"உனக்கென்ன விசரே? ஆரடி அங்க உனக்கு இருக்கினம்?"

விறாந்தையில் ஹியூபேட் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இருக்கினம், அண்ணை" என்றாள்.