தலையாட்டியது நான்தான்

எனக்கு முன்கோபம் உண்டு. பஸ்ஸில் ஏறினால் அது இரண்டு மடங்காகும். பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டைக்குத் தினமும் ஆபீஸ் போய்வருகிறவள் நான். டிரைவர் தலைக்கு மேல் அலறும் பாட்டு, காதைக் கிழிக்கும் ஹாரன், போதாக்குறைக்குப் பக்கத்து சீட்டிலிருந்து "சம்பளம் எவ்ளோ வருது?" என்ற விசாரணை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான், காதுக்குள் ரப்பர் மூடியாக அடைத்துக்கொள்ளும் இயர்போனை வாங்கினேன். ஒயர் கிடையாது. தோல் நிறத்தில், சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். மாட்டியதும் பஸ்ஸே ஊமையாகிவிடும். அப்பாடா என்றிருக்கும்!

யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டி வைப்பேன். அதற்கு மேல் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

அன்று காலை எட்டரை மணி. பஸ், ஸ்டாண்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. தோளில் பையோடு ஓர் இளைஞன் பின்னாலிருந்து ஓடிவந்து, என் ஜன்னலைத் தட்டி ஏதோ கேட்டான். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. வழக்கம்போலத் தலையாட்டினேன். அவன் பின்படியில் தொற்றி ஏறிக்கொண்டான்.

நல்ல கூட்டம். கண்டக்டர் அவனிடம் போய்ச் சேர்வதற்குள் பாதி தூரம் கடந்துவிட்டது. திடீரென்று பக்கத்து சீட்டு அம்மா என்னை முழங்கையால் இடித்தார். இயர்போனைத் தொட்டு, அதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன். அடைப்பையும் மீறிக் கண்டக்டரின் கத்தல் கேட்டது.

"அரியலூரா? இது ஆத்தூர் போற வண்டிப்பா! போர்டைப் பாத்து ஏற மாட்டியா?"

"அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் சார் ஏறுனேன். போகும்னு தலையாட்டுனாங்க." அவன் குரல் நடுங்கியது. "எங்கக்கா பிரசவத்துக்கு அரியலூர் ஆஸ்பத்திரியில இருக்கு. ரத்தம் கொடுக்கணும், பத்து மணிக்குள்ள வந்துடுன்னு மாமா போன் பண்ணாரு. அக்காவுக்கும் எனக்கும்தான் ஒரே குரூப். சென்னையிலேருந்து ராத்திரி பூரா நின்னுக்கிட்டே வரேன் சார்."

பஸ் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்து சீட்டு அம்மா என் காதை எட்டிப் பார்த்தார்.

"அட பாவமே, இந்தப் பொண்ணு காது மிஷினுல்ல போட்டிருக்கு! அதுக்கு என்னா கேட்டிருக்கும்?"

அவன் முகத்திலிருந்த கோபம் சட்டென்று வடிந்துவிட்டது. நெஞ்சில் கை வைத்து, சைகையாலேயே என்னிடம் மன்னிப்புக் கேட்டான். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயைத் திறக்காமலே அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னேன். மானங்கெட்ட ஜென்மம்!

கண்டக்டர் விசிலடித்து அவனை இறக்கிவிட்டார். உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் இறங்கினேன். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. திரும்பிப் போக ஒரு பஸ்கூடக் கண்ணில் படவில்லை. மணி ஒன்பதாகப் போகிறது. அவன் போனில் சார்ஜ் இல்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதோரம் விரித்துக் காட்டி என் போனைக் கேட்டான். கொடுத்தேன். காதிலிருந்ததை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

அக்காவின் நம்பரை அழுத்திவிட்டு "ஹலோ... ஹலோ..." என்றான். போனைத் திருப்பிப் பார்த்தான். மறுபடியும் "ஹலோ". அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? குரல் என் காதுக்குள் அல்லவா வந்துகொண்டிருந்தது!

"யாரு, மாப்ளயா? எங்கடா இருக்க? கொழந்த பொறந்துருச்சு. உங்கக்காவுக்கு ரத்தம் நிக்கலங்கிறாங்கடா. சீக்கிரம் வாடா, எனக்குப் பயமா இருக்கு."

அவன் மாமா அழுதார். அவர் மூச்சு வாங்குவதுகூட எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவனோ போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி, உங்க மாமா பேசுறாரு. கொழந்த பொறந்துருச்சாம். அக்காவுக்கு ரத்தம் நிக்கலையாம். ஒடனே வரச் சொல்றாரு."

அவன் என் வாயையே பார்த்தான்.

"உங்களுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும்" என்றேன்.

அவன் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் நடுரோட்டுக்கு ஓடி, வெங்காய மூட்டையோடு வந்த வேனைக் கையை விரித்து மறித்தேன். சாவதற்கு வேறு வண்டி கிடைக்கவில்லையா என்று கத்தினார் டிரைவர். விஷயத்தைச் சொன்னதும், "நான் பெரம்பலூருதான் போறேன். பரவால்ல ஏறுங்க தம்பி, அரியலூர் ஆஸ்பத்திரி வாசல்லயே வுட்டுட்டு வரேன்" என்றார். போனை என் கையில் வைத்துவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. பதினொரு மணிக்கு அந்த நம்பருக்கு அடித்தேன். பன்னிரண்டுக்கு அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால், அது நான் ஆட்டிய தலையால்தான். சோற்று டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தேன்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. அவன்தான்.

"நேரத்துக்குப் போயிட்டேன்க்கா. எங்கக்காகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். உங்ககிட்ட பேசணும்ங்குது, இருங்க."

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு சோர்ந்துபோன, மெல்லிய குரல் ஒன்று.

"நல்லாருக்கேங்க... கேக்குதுங்களா?"

போனைக் காதோடு அழுத்தியபடி தலையாட்டினேன்.

"கேக்குதுங்களா?"

இன்னும் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.