முடிக்கக் கூடாத ஆராதனை

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினாலே வீட்ஸ்கேவுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கையில் சரியான அட்டை இருக்கும். ஆனாலும் அவர் தன் இருக்கையைத் தாண்டிப் போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாத சாலையில்கூட, சிவப்பு விளக்கு மாறும்வரை சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்பாள். "யூனிஃபார்ம் போட்டவன்னா தபால்காரனுக்கே சல்யூட் அடிப்பா என் பொண்டாட்டி" என்று அவள் கணவர் யெல்லே சொல்லிச் சிரிப்பார். இப்படிப் பயப்படுகிறவர்கள் சட்டத்தை மதிக்கிறார்களா, சட்டத்தைக் கையில் வைத்திருப்பவரை மட்டும் மதிக்கிறார்களா? அதை அவள் யோசித்துப் பார்த்ததில்லை.

ஃப்ரீஸ்லாந்தின் கடலோரத்தில் இருக்கும் அந்த ஊரில்தான் அவள் பிறந்தாள். இறால் ஆலையில் வேலை பார்த்தாள். மணிக்கட்டு வலி தாங்காமல் அதை விட்ட பிறகு, தேவாலயத்தில் கோயில்பிள்ளை வேலை கிடைத்தது. ஹீட்டர் போடுவது, காபி வைப்பது, பெஞ்சு துடைப்பது, மணி அடிப்பது. எல்லாமே பின்வரிசை வேலை. யாரும் திரும்பிப் பார்க்கத் தேவையில்லாத வேலை. அதனாலேயே அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் செஹாயும் அவள் மகள் மெரோனும் தேவாலயத்துக்குள் வந்து தங்கினார்கள். செஹாய் எத்தியோப்பியாவிலிருந்து உயிர் பிழைத்து ஓடிவந்தவள். மெரோன் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிற குழந்தை. அடைக்கலம் கேட்ட மனு கடைசியாகத் தள்ளுபடி ஆகிவிட்டது. இரண்டு பேரையும் பிடித்து விமானத்தில் ஏற்ற உத்தரவு வந்துவிட்டது. ஆனால் ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது போலீஸ் தேவாலயத்துக்குள் நுழையக் கூடாது என்று நாட்டில் ஒரு சட்டம் உண்டு. அப்படியானால் ஆராதனையை முடிக்கவே வேண்டாம் என்று சபையார் முடிவெடுத்தார்கள். மறு விசாரணைக்கு வக்கீல் போராடிக்கொண்டிருக்க, எங்கெங்கிருந்தோ போதகர்கள் வந்து இரவும் பகலும் மாறி மாறி நடத்தினார்கள். ஒருவர் இறங்குமுன் அடுத்தவர் தொடங்கிவிடுவார்.

இருந்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. கைகளை உயர்த்திக் கொடுக்கிற கடைசி ஆசீர்வாதத்தை யாரும் சொல்லிவிடக் கூடாது. அதைச் சொன்னால் ஆராதனை முடிந்தது என்று பொருள். வருகிற போதகர்களின் மேல்கோட்டை வாங்கி மாட்டும்போது அதை நினைவுபடுத்துவது வீட்ஸ்கேவின் பொறுப்பு. "பாஸ்டர், அந்த ஆசீர்வாதம் மட்டும் வேண்டாம்" என்று தரையைப் பார்த்தபடி சொல்லுவாள்.

ஆனால் ஒரு நாள் மதியம் அதை அவள் சொல்லவில்லை. வந்தவர் ஹில்கே ஐயா. ஓய்வு பெறும்வரை இந்தச் சபைக்கே போதகராக இருந்தவர். அவளுக்கும் யெல்லேவுக்கும் கல்யாணம் செய்துவைத்தவர். அவருக்குப் போய் நான் பாடம் நடத்துவதா என்று நாக்கு எழவில்லை. கோட்டை வாங்கி மாட்டினாள். "குளிருதா ஐயா?" என்று மட்டும் கேட்டாள்.

வெளியே பேய்க்காற்று. போலீஸின் வெள்ளை வேன் ஒன்று காலையிலிருந்தே எதிரே நின்றுகொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பதும் ஒதுங்குவதுமாக இருந்தாள் வீட்ஸ்கே.

"பாத்துப் பாத்தே அதை ஓட்டை போட்டுடுவ போலிருக்கே, தாயே" என்றார் ஆர்கன் வாசிக்கும் டௌவே, காபிக் கோப்பையோடு மாடிப்படி ஏறியபடி. "காத்துல மரம் விழுந்து ரயில் நின்னுபோச்சாம். அடுத்த பாஸ்டர் எப்ப வருவாரோ. நம்ம பெருசு பேச ஆரம்பிச்சா பொழுது சாயறவரைக்கும் பேசும். கவலைப்படாதே."

ஆனால் ஹில்கே ஐயா களைத்துப்போனார். குரல் கம்மியது. ஜெபித்தார், வசனம் வாசித்தார், மறுபடி ஜெபித்தார். பிறகு ஒரு நொடி நின்று, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆயுள் முழுக்க ஞாயிறுதோறும் செய்த பழக்கம் அவர் கைகளைத் தானாகத் தூக்கியது. ஆசீர்வாதத்தைத் தெளிவாக, கணீரென்று, கடைசிச் சொல்வரை சொல்லி முடித்தார். டௌவேயின் விரல்களும் அதே பழக்கத்தில் ஆர்கன் கட்டைகளில் இறங்கின. எல்லோரும் கலைந்து போகும்போது வாசிக்கிற இசை எழும்பியது. பெஞ்சுகளில் இருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து கோட்டைத் தேடினார்கள்.

ஆராதனை முடிந்துவிட்டது என்று வீட்ஸ்கேவுக்கு உறைத்தது. முன்பெஞ்சில் செஹாய் மகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. வெளியே வேன் கதவு சாத்தும் சத்தம். சரளைக்கல்லில் காலடிகள். தேவாலயத்தின் கனத்த கதவு திறந்தது. குளிர்காற்றோடு இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

கதவுக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவே நின்றது அவள் மட்டும்தான். ஓடிப்போய் சமையலறையில் ஒளிந்துகொள்ளலாம். கால் நகர்ந்தால் ஓடியிருப்பாள், நகரவில்லை. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஏதாவது தொடங்கினால் போதும். ஆனால் சின்ன வயதிலிருந்து பாடிய பாட்டுகளில் ஒரு அடிகூட நினைவுக்கு வரவில்லை. கண்ணை இறுக மூடினாள். கைகளைக் கோத்துக்கொண்டாள். வாயில் வந்தது வீட்டில் உருளைக்கிழங்குச் சட்டிமுன் தினமும் சொல்கிற சாப்பாட்டு ஜெபம்.

"ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டுக்கு நன்றி. இதை விளைவிச்ச கைக்கு பலம் குடுங்க. இல்லாதவங்க தட்டையும் நிரப்புங்க."

தன் குரலே அவளைத் திடுக்கிட வைத்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கல் தரையில் பூட்ஸ் சத்தம் ஒன்று, இன்னொன்று.

"அம்மா, ஆராதனை முடிஞ்சிடுச்சு இல்லையா?"

இளம் குரல். மரியாதையான குரல். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தச் சட்டையைப் பார்ப்பாள். பார்த்தால் "ஆமாங்க" என்று சொல்லிவிடுவாள். அது அவளுக்குத் தெரியும்.

"...பலம் குடுங்க. இல்லாதவங்க தட்டையும்..."

"அம்மா, உங்களைத்தான் கேக்கறேன்."

முன்னாலிருந்து சின்னக் குரல் ஒன்று கத்தியது. "ஜெபம் பண்றவங்களைப் பேசச் சொல்லக் கூடாது! எங்க ஸ்கூல்லயே விடமாட்டாங்க!" மெரோன்தான். அடுத்த நொடியே அவளும் உரக்கச் சேர்ந்துகொண்டாள். ஆர்கன் பாதியில் நின்றது. ஹில்கே ஐயா, "ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று முனகியதும், பிறகு அவருடைய உடைந்த குரல் ஜெபத்தில் கலந்ததும் கேட்டது. எழுந்தவர்கள் மறுபடி உட்கார, பெஞ்சுகள் கிரீச்சிட்டன. சாப்பாடே இல்லாத இடத்தில் எல்லோருமாகச் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார்கள்.

இளம் போலீஸ்காரர் ஃபோனில் பேசினார். "சார், உள்ளே ஜெபம் நடக்குது... இல்ல சார், பாஸ்டர் மாதிரி தெரியல. ஏப்ரன் கட்டியிருக்காங்க... முடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க... இல்ல சார், நடிப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவங்க நடுங்கறாங்க... சரி சார்."

பூட்ஸ் சத்தம். கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா? வீட்ஸ்கேவுக்குப் பிடிபடவில்லை. கதவு சாத்திய சத்தம் வந்தது. உள்ளே நின்று சாத்தினார்களா, வெளியே போய்ச் சாத்தினார்களா? அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தொண்டை வறண்டு, வார்த்தைகள் பொருளை இழந்து வெறும் சத்தமாகிப்போன பிறகும் சொன்னாள்.

ஈரமான கை ஒன்று அவள் தோளைத் தொட்டது. அலறிக் கண்ணைத் திறந்தாள். போலீஸ்காரர்கள் போயிருந்தார்கள். யாரோ ஒருவருடைய சைக்கிளை இரவல் வாங்கி, காற்றில் மிதித்து வந்த அடுத்த போதகர், முழுக்க நனைந்து நின்றார். "நான் பாத்துக்கறேன்மா" என்று மெல்லச் சொல்லி, அங்கே நின்றபடியே பாட்டைத் தொடங்கினார்.

சாயங்காலம் சமையலறையில் வீட்ஸ்கே செஹாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "நான் ஐயாகிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல. என்னாலதான் இது நடந்தது."

செஹாய் கையிலிருந்த கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தாள். கோபமாகத்தான் இருந்தாள். "இனிமே சொல்லுவீங்களா அக்கா?" என்றாள் கடைசியில்.

"சொல்லுவேன்."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"அவங்க திரும்ப வருவாங்களா?"

பொய் சொல்ல எவ்வளவோ ஆசை. "வருவாங்க" என்றாள்.

பக்கத்து அறைக் கட்டிலில் மெரோன் அதற்குள் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே இரண்டு ஷூக்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வீட்ஸ்கே குனிந்து ஒரு லேஸை இழுக்கப் போனாள். குழந்தை வெடுக்கென்று காலை உள்ளிழுத்துக்கொண்டது.

"வேண்டாம் பெரியம்மா. திடீர்னு ஓடணும்னா?"

ஓட வேண்டியிருக்காது என்று யார் சொல்ல முடியும்? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் புதிய போதகரின் குரல் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, முடிச்சை அவிழ்க்காமல், பாதம் வலிக்காத அளவுக்கு லேஸைத் தளர்த்தி மட்டும் விட்டாள்.