பழைய பொடியும் புதிய பொடியும்

என் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு பீக்கை நம்பி நின்றது. இதை வேதியியல் படிக்காதவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். படித்தவர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களில் பாதிப் பேருடைய பட்டமும் அப்படித்தான் வந்திருக்கும்.

பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். ஆய்வகத்தில் ஒரு பழைய காஸ் குரோமட்டோகிராஃப் இருந்தது. ஜிசி என்போம். இலைச்சாற்றை ஊசியில் எடுத்து அதற்குள் குத்தினால், சூடான அடுப்புக்குள் சுருட்டி வைத்திருக்கும் மெல்லிய குழாய் வழியாக அது ஓடும். சாற்றில் உள்ள பொருட்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். ஒவ்வொன்று வரும்போதும் திரையில் ஓடும் கோடு மேலே எழும்பி இறங்கும். அந்த எழுச்சிக்குப் பெயர்தான் பீக்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் புதராக மண்டிக்கிடக்கும் ஒரு செடியின் இலையைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். கசக்கினால் காரமாக மூக்கில் ஏறும். ஆடுகூட வாய் வைக்காது. அதில் நடுவாந்திரமாக ஒரு பீக் வந்தது, உயரமாக, ஒற்றையாக, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல். திருச்சிக்கு அனுப்பி வேறு கருவியில் பார்த்தோம். கற்பூரம் என்று வந்தது. கற்பூரம் மரத்தில் விளைவதுதான், வேறு பல செடிகளிலும் உண்டு. ஆனால் இந்தச் செடியில் இருப்பதாக இதுவரை யாரும் எழுதியதில்லை.

"இது போதும்மா. இதுதான் உன் தீசிஸ்" என்றார் என் வழிகாட்டி. அதுவரை என்னை ஏறெடுத்துப் பார்க்காத மனிதர் அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்கு அது போதாமல் இருக்குமா? பதிவுக்காலம் ஏற்கனவே நீட்டிக்கப்பட்டு, இனிமேல் நீட்டிப்பு கிடையாது என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அப்பா இல்லை. அம்மா ஆண்டிமடத்தில் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து உரிந்திருக்கும். என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஆய்வேட்டை அனுப்புவதற்கு முன் ஆய்வுக்குழு ஒருமுறை உட்காரும். அதில் வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புது இலை பறிச்சு இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துட்டீங்களாம்மா?" என்றார். ஓட்டவில்லை. மனுஷன் நியாயமாகத்தான் கேட்டார். ஆனாலும் திரும்பி வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுபடி வேப்பந்தட்டை பஸ். அதே சரிவு, அதே புதர்கள். முதல் தடவை இலையை ஆண்டிமடத்து வீட்டில் உலர்த்தினோம். விடுதி மாடியில் குரங்குத் தொல்லை. இந்த முறை அலைய நேரமில்லாததால் ஆய்வகத்திலேயே ஒரு மூலையில் தாள் விரித்துக் காய வைத்து, அரைத்து, சாறு எடுத்து, ஓட்டினேன்.

பீக் இல்லை.

மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. அந்த இடம் மட்டும் துடைத்துவிட்ட தரை மாதிரி இருந்தது.

மெஷின்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அந்த நாட்களில் நான் வேண்டிக்கொண்டதெல்லாம் அது ஒன்றுதான். கடவுளே, இந்தச் சனியன் கெட்டுப்போயிருக்கட்டும். ஊசி குத்தும் இடத்து ரப்பரை மாற்றினேன். உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழலைக் கழற்றிக் கழுவி, கருப்புப் பிசுக்கு போகாததால் புதிதாகப் போட்டேன். காஸ் கசிகிறதா என்று இணைப்பு இணைப்பாகத் தேடினேன். குழாயின் முனையைக் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி பொருத்தினேன். சூடேற்றி நாள் முழுக்கக் காயவிட்டேன். நடுவில் கரண்ட் போய், மறுபடி முதலிலிருந்து. வெறும் கரைப்பானைக் குத்தினால் கோடு சுத்தமாக ஓடியது. கடையில் வாங்கிய சுத்தமான கற்பூரத்தைக் கரைத்துக் குத்தினால், வர வேண்டிய இடத்தில் டாண் என்று வந்தது. முதல் தடவை இலையின் பழைய பொடியில் சாறு எடுத்துக் குத்தினால் அங்கே பீக். புதிய பொடியின் சாற்றைக் குத்தினால் இல்லை.

மெஷின் ஒழுங்காக இருந்தது. என் வாழ்க்கையில் ஒரு மெஷின் ஒழுங்காக வேலை செய்ததற்காக நான் அழுதது அப்போதுதான்.

வழிகாட்டி அசரவில்லை. "அப்போ வெயில் காலம், இப்போ மழை முடிஞ்சிருக்கு. சீசன் மாறினா எண்ணெய் மாறும். அப்படியே எழுதிடும்மா." மாறத்தான் செய்யும், பொய்யில்லை. நானும் இறுகப் பற்றிக்கொண்டேன். ஆனால் கொஞ்சம் குறையலாம், பாதியாகலாம். மலை மாதிரி நின்றது சுவடே இல்லாமல் போகுமா? பழைய பொடி இன்னும் கொஞ்சம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று ஊருக்குப் போனேன்.

அந்தப் பழைய இலையை முழுக்கப் பார்த்துக்கொண்டது அம்மாதான். நிழலில் தன் பழைய நூல்புடவையை விரித்துப் பரப்பி, வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் திருப்பிப் போட்டு, உரலில் இடித்து, சலித்து, டின்னில் அடைத்து வைத்தாள். நான் வருகிறபோதெல்லாம் ஒரு கவரில் கட்டிக் கொடுப்பாள். டின்னை நான் திறந்ததேயில்லை.

"அடில கொஞ்சந்தான் கெடக்கு. எடுத்துக்க" என்று டின்னை முன்னால் வைத்தாள்.

பொடியைத் தாளில் கொட்டினேன். கூடவே ஒரு சின்ன வெள்ளைத்துணி முடிச்சு விழுந்தது. அவிழ்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

"என்னம்மா இது?"

"சூடம் வச்சிருந்தேன். காத்துல கரைஞ்சு போச்சு போல. அப்பப்ப வேற வச்சு முடிஞ்சு போடுவேன், இந்தத் தடவ மறந்துட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? பூச்சி வுழுந்துடாதா? அரிசிக்கு வேப்பிலை போடலாம், இதுவே இலை, இதுல இன்னொரு இலையப் போட்டா ஒம் படிப்புக்கு ஆவுமோ ஆவாதோன்னுதான் சூடம் போட்டேன். அதுவும் கடைச் சூடம் இல்ல. மாரியம்மனுக்கு ஏத்துனது போக மிச்சம். சாமி சூடம், உனக்கும் நல்லது பண்ணும்ல."

சூடத்தை வெளியே வைத்தாலே காற்றோடு போய்விடும். மூடிய டின்னுக்குள் வேறு எங்கே போகும்? மாதக்கணக்கில் அந்தப் பொடி அதைக் குடித்திருக்கிறது. இலையே காரமான இலை, சூட வாசம் தனியாகத் தெரியாது. ஆய்வகத்தின் கரைப்பான் நாற்றத்தில் கிடந்து கிடந்து என் மூக்கும் மரத்திருந்தது. என் கண்டுபிடிப்பு முழுவதும் அந்தத் துணி முடிச்சிலிருந்து வந்தது. அம்மா முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் அவளிடம் கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. கொல்லைப்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டேன்.

சந்தேகம் வேண்டாம் என்று பெரம்பலூர் திரும்பியதும் புதிய பொடியில் ஒரு பங்கை டப்பாவில் போட்டு, சூடக்கட்டி ஒன்றைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தேன். சில நாள் கழித்து ஓட்டினேன். பீக் எழும்பியது. அதே இடம், அதே கம்பீரம்.

வழிகாட்டி திரையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இதை யார்கிட்டயும் சொல்லாத. பழைய டேட்டா பொய்யில்ல, மெஷின் காட்டினதுதான. சீசன்னு எழுதி அனுப்பிடலாம். அம்மாவ நெனச்சுப் பாரும்மா."

அம்மாவை நினைத்துப் பார்க்கச் சொன்னதில்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த முடிச்சைப் போட்டவள் நல்லெண்ணத்தில் போட்டாள். தெரிந்துகொண்டே அதைச் செடியின் கற்பூரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் யார்? "முடியாது சார்" என்றேன். வேறு பொருளைத் தேடி முதலிலிருந்து ஆரம்பிக்கக் காலம் இல்லை. கெடு முடிந்தது. பதிவு ரத்து என்று தாள் வந்தது.

இப்போது அரியலூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். காலையில் பஸ், மாலையில் பஸ், ஜன்னலில் சிமெண்ட் லாரிப் புழுதி. ஏன் முடியவில்லை என்று கேட்பவர்களிடம் மெஷின் சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவும் அந்த மெஷினையும் அந்தக் காலேஜையும் வாய் ஓயாமல் சபிப்பாள். சபிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள். "ஏ பாப்பா, ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே கெடக்கு. மெஷினு கெட்டுப்போச்சுன்னு நீ சும்மா சொல்றியோன்னு. நா இடிச்சுக் குடுத்த பொடில பூச்சி கீச்சி வுழுந்து, அதனாலதான் வேணான்னுட்டாங்களா?"

தண்ணீர் குடித்தேன்.

"இல்லம்மா. ஒரு பூச்சிகூட வுழல."

"அதான பாத்தேன்" என்றாள். அவள் முகம் தெளிந்தது. "அம்புட்டுப் பத்திரமால்ல வச்சிருந்தேன்." கறுத்த விரல்களால் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு அள்ளிப் போட்டாள்.