ஓடாத மருந்து

மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்கும் முன்பே அவர் கை முன்தட்டுக்குப் போய்விடும். கண் என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அங்கே வரிசையாய் நிற்கும் சொட்டு மருந்தில் ஒன்று கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். தூசி விழுந்த கண், அழுது வீங்கிய கண், தூங்காமல் சிவந்த கண், எல்லாம் அவருக்கு ஒரே கண்தான். ஆண்டவன்தான் பாவம், வேலை மெனக்கெட்டு ஆளுக்கொரு விதமாய்க் கண்ணைப் படைத்தான்.

எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அவர். சட்டையில் கறை இருக்காது, குரல் உயராது. உலகத்தில் எதையும் "ஓடுமா, ஓடாதா" என்றுதான் பார்ப்பார். இருமல் மருந்து ஓடும். முகப்பூச்சு பறக்கும். வேலை கிடைக்காமல் இருக்கும் மச்சினனைக்கூட, "அவன் ஓடாத சரக்குங்க" என்று மனைவி காதுபடச் சொல்லிச் சிரிப்பார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நேற்றுக் காலை ஒரு பெண் கணவனைக் கைபிடித்து அழைத்து வந்தாள். தோட்ட வேலைக்காரன். செடி வெட்டும்போது இலை நுனி கீறி, கண்ணில் பூஞ்சை பிடித்துவிட்டதாம். துணியால் கண்ணைப் பொத்திக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் சீட்டை நீட்டினாள்.

"இது பூஞ்சைக்குப் போடற சொட்டும்மா. யாரு கேக்கறா? செய்யற கம்பெனியே கொஞ்சம்தான். வாங்கி வெச்சா தேதி முடிஞ்சு குப்பைக்குப் போகும், மொத்தக்கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். இந்தா, இதப் போடு. நல்லா ஓடுது. செவப்பு சட்டுனு வடிஞ்சிடும்."

"ஐயோ, செவப்ப வடிக்கிற மருந்துதான் ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்கண்ணா. பூஞ்சை உள்ள பரவி கண்ணே போயிடுமாம். சீட்டுல இருக்கறத இன்னிக்கே ஆரம்பிக்கணுமாம். ஒண்ணே ஒண்ணு வரவழைச்சுத் தாங்களேன்."

"டாக்டரம்மா எழுதிட்டுப் போயிடுவாங்க. கடை நடத்தறது யாரு?"

"கண்ணு யாருதுண்ணா?"

அவர் எடுத்து நீட்டிய சொட்டு மருந்தை மறுபடி முன்தட்டில் வரிசையாய் வைத்தார்.

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். "எந்திரிங்க, பெரியாஸ்பத்திரி பக்கத்துக் கடையில கேப்போம். பஸ்ஸு வந்துடும்."

அவன் ஒற்றைக் கண்ணோடு எழுந்து, படி எங்கே என்று காலால் துழாவினான். தடுமாறினான். கடைக்காரர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பதறி ஓடிவந்தார். வாசலில் சொட்டு மருந்து விளம்பரத்துக்கு நிறுத்தியிருந்த அட்டை அழகி, அவன் தோள் பட்டுச் சாய்ந்துகொண்டிருந்தாள். தரையில் விழாமல் அவளைத் தாங்கிப் பிடித்து, முகம் தெருவைப் பார்க்கும்படி நிறுத்தினார்.